தேருக்கு அறுத்த வயர்

ஆடிப்பூரத் தேர் ஓடும் நாளில் ரத வீதியின் குறுக்கே ஒரு வயர்கூடத் தொங்கக்கூடாது. கரண்டு வயரை மின்சார ஆட்கள் இறக்குவார்கள். டெலிபோன் வயரை நாங்கள் அறுப்போம். தேர் நிலைக்கு வந்ததும் மறுபடி ஒட்டுவோம். எண்பதுகளின் பாதியில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு லைன்மேனாக மாற்றலாகி வந்தேன். அதிலிருந்து ஆடி பிறந்தால் இந்த வேலைதான்.

அறுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். கம்பத்துப் பெட்டியில் ஸ்க்ரூவைக் கழற்றி வயரை எடுப்பதுதான் சரியான வழி. ஆனால் அத்தனை வீட்டு வயரையும் கழற்றிப் போட்டால், திரும்ப மாட்டும்போது, ஒரு போனுக்கு இரண்டு கம்பி என்ற ஜோடி மாறிவிடும். நகைக்கடைக்கு வர வேண்டிய போன் ஆஸ்பத்திரியில் அடிக்கும். அதனால் பெட்டியைத் தொட மாட்டோம். கம்பத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, பிளையரால் ஒரே வெட்டு. வயர் வீட்டுச் சுவரோடு விழுந்து கிடக்கும். தேர் போனதும் தூக்கி, நுனியைச் சீவி, செம்பைச் செம்போடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவோம். நீளம் பத்தாவிட்டால் நடுவில் ஒரு துண்டு வைப்போம். ஈயம் வைத்துப் பற்றவைக்க நேரம் கிடையாது. ஊர் முழுக்க போன் இல்லாமல் காத்திருக்கும்.

அடுத்த வருஷம் அந்த முறுக்குக்குப் பக்கத்திலேயே அறுப்போம். மறுபடி முறுக்குவோம். போன் பேசியது. ரிசீவரை எடுத்தால் டோன் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஆனி மாதம், ஒரு வீட்டிலிருந்து குறை வந்தது.

கீழ ரத வீதியில் இருந்த வீடு. அந்த வீட்டுப் போனை முதலில் இழுத்துக் கொடுத்ததே நான்தான். அப்போது பெரியவர் ஒருவர் இருந்தார். எண்ணெய்க் கடைக்காரர். இப்போது மகனும் மருமகளும் மட்டும். மகன் ராஜபாளையத்தில் நூல் மில்லில் பிட்டராக இருந்தவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. வாசல் ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தார். தூக்கி உட்கார வைக்க வேண்டும், தூக்கிப் படுக்க வைக்க வேண்டும். அந்தம்மா கல்யாணத்துக்கு முன் டைப்பிஸ்டாக இருந்தவர். வீட்டை விட்டு வேலைக்குப் போக வழியில்லை.

சென்னையில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே செய்கிற வேலை கொடுத்திருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வார்களாம். அந்தப் பேச்சு இன்டர்நெட் வழியாக வரும். கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். காலை ஏழு மணிக்கு வரும், பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆடிப்பூரம் வரைக்கும் சோதனைக் காலம். மூன்று தடவை பிந்தினால் வேலை கிடையாது.

இது எல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கம்ப்ளெய்ன்ட் சீட்டில் "இன்டர்நெட் ஸ்லோ" என்று இருந்தது. அவ்வளவுதான்.

போனேன். கம்பத்தில் ஏறி டெஸ்ட் போனை மாட்டினேன். ஆபீசுக்குப் பேசினேன். நன்றாகக் கேட்டது. இறங்கி சீட்டில் "லைன் ஓ.கே." என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் போனேன்.

"ஓகே இல்லண்ணே" என்றார் அந்தம்மா. "பேச்சு கேக்கும். பைல் வர மாட்டேங்குது."

"டோன் நல்லா வருதும்மா. எங்க காதுல கேக்குதுல்ல."

கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் சிரித்தார். "உங்க காதுக்குக் கேட்டா ஆச்சா அண்ணாச்சி? பொட்டிக்குல்ல கேக்கணும்?"

கம்ப்யூட்டரைத்தான் பொட்டி என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் சீட்டு வந்தது. அதே சோதனை. அதே "ஓ.கே." மூன்றாவது தடவையும் "ஓ.கே." எழுதி நீட்டியபோது அந்தம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஒரு நோட்டை எடுத்து வைத்தார்.

"இதப் பாத்துட்டுச் சொல்லுங்க. பொறவு போடுறேன்."

கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. தேதி, மணி, ஓர் எண், பைல் வந்து முடிய எத்தனை நிமிஷம். வரிவரியாக இருந்தது. எனக்கு எட்டாம் வகுப்பு. எண் படிக்கத் தெரியும். 26400 என்று ஓர் இடம். 14400 என்று ஓர் இடம். 9600 என்று பல இடம்.

"இது என்னம்மா?"

"மோடம் கூப்பிடும்போது கீச்சுக் கீச்சுன்னு கத்துதுல்ல, அது அந்தப் பக்கத்து மிஷினோட பேசி, எம்புட்டு வேகத்துல போவோம்னு முடிவு பண்ணுது. முடிவு பண்ணுனதத்தான் இப்படிக் காட்டும். ஒரு செகண்டுக்கு இத்தனை பிட்டு. எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு எழுத்து. அதனால எட்டால வகுக்கணும்."

"26400-ன்னா?"

"மூவாயிரத்துச் சொச்சம் எழுத்து. அது எனக்குப் போதும். கால் மணியில பைல் வந்துரும். 9600-ன்னா முக்கால் மணி ஆயிருது. அதுகூடப் பரவால்ல. நடுவுல அறுந்துச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து வரும்ணே. நேத்து நாலு தடவை அறுந்துச்சு. பதினோரு மணிக்குத்தான் பைல் கைக்கு வந்துச்சு. ஒரு மணி நேரத்துல எப்படி அடிக்க?"

"அப்ப நேத்து?"

"பிந்திருச்சு. இது ரெண்டாவது."

அப்போதுதான் மூன்று தடவைக் கணக்கைச் சொன்னார். குரல் உயரவில்லை. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தம்மா சும்மா இருந்திருக்கவில்லை. ஒரே பைலைக் காலை, மதியம், சாயங்காலம் என மூன்று வேளை இறக்கி அலாரம் கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். உள் அறையில் இருந்த இன்னொரு போனைக் கழற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார். மோடத்துக்குப் போகும் வயரை மாற்றிப் பார்த்திருக்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறார். நான் இத்தனை வருஷமும் "ஹலோ" சொல்லிப் பார்த்ததுதான் சோதனை.

நோட்டின் ஓரத்தில் சில வரிகளுக்கு நேரே "கா" என்று எழுதியிருந்தது.

"இது?"

"காத்து. வெளிய காத்தடிச்சா அறுந்துருது. ஜன்னல் கதவு படபடன்னா இவுக சொல்லுவாக, நான் குறிச்சுக்கிடுவேன்."

"எனக்கும் ஒரு டூட்டி வேணும்லா" என்றார் வீட்டுக்காரர்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மலைப்பக்கமிருந்து ஆடிக் காற்று இறங்கியிருந்தது. வீதியின் குறுக்கே வயர் ஊஞ்சல் மாதிரி ஆடியது. கம்பத்துப் பக்கம் கறுப்புக் கறுப்பாக முடிச்சுகள். எண்ணவில்லை. எண்ண வேண்டாம் என்று இருந்தது.

எனக்கே சந்தேகம் தீர வேண்டும். ஏணியைக் கம்பத்தில் சாத்தினேன். ஒரு மூங்கில் கழியில் கவை கட்டி எடுத்துக்கொண்டேன். அந்தம்மாவைப் பைலை இறக்கச் சொன்னேன். எவ்வளவு வந்திருக்கிறது என்று திரையில் ஓடும் எண்ணை அவர் உள்ளிருந்து சொல்ல, வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எனக்குக் கத்துவதாகப் பேச்சு.

"வருது அண்ணாச்சி! நூறு!... நூத்திருவது!"

காற்று வந்தது. வயர் ஆடியது.

"நின்னுருச்சு!... நகரல!"

கவையை நீட்டி முடிச்சுகளுக்குக் கீழே முட்டுக் கொடுத்தேன். வயர் நின்றது.

"கெளம்பிருச்சு! நூத்தம்பது! எரநூறு! பிடிங்க, விட்ராதிய!"

கழியை எடுத்தேன். செத்த நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காற்று.

"போச்சு! அறுந்துருச்சு!"

வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஜன்னலில் ஒருவர் எண் கத்துகிறார், ஏணியில் ஒருவன் கழியால் வயரைத் தாங்கிப் பிடிக்கிறான். "என்ன வே, ஏலமா?" என்று சைக்கிளில் போன ஒருவர் கேட்டார்.

இன்னொரு தடவை செய்தோம். அதேதான் நடந்தது. ஆரம்பத்தில் மோடம் காட்டிய வேகம் 26400. அந்த எண்ணுக்கும் வந்த வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. முறுக்கு ஒவ்வொன்றும் உள்ளே பச்சை பூத்திருக்கும். காற்றில் ஆடும்போது செம்பு செம்பைத் தொட்டுத் தொட்டு விடும். பேசும்போது அது ஒரு சின்னக் கரகரப்பு. மனுஷன் காது அதைத் தள்ளிவிட்டுப் பேச்சைக் கேட்டுக்கொள்ளும். மிஷினுக்கு அது தெரியாது. ஒவ்வொரு கரகரப்பிலும் தடுக்கி விழுந்து, திரும்பக் கேட்டு, முடியாமல் போனால் விட்டுவிடும்.

வயரை முழுசாக மாற்றினால் சரியாகிவிடும் என்றேன். அந்தம்மா காலண்டரைக் காட்டினார்.

"நாலு நாள்ல தேர்ணே. அன்னைக்குத்தான் கடைசி பைல். காலையில ஆறு மணிக்கு நீங்க வயரை அறுப்பீக. சாயங்காலந்தான் ஒட்டுவீக."

நான் அதை நினைக்கவில்லை.

"அன்னைக்கு ராஜபாளையம் போய்க் கம்ப்யூட்டர் கடையில பாக்கலாம்ல?"

"இவுகள யாரு பாப்பா? தேர் அன்னைக்கு பஸ்ஸு எங்க நிக்கும்?"

"ஒரு நா தள்ளிக் கேளுங்களேன்."

"கேட்டேன். எல்லா ஊர்லயும் திருவிழா இருக்கும், ஏலாதுன்னா இப்பமே சொல்லிருங்கன்னுட்டாக."

வீட்டின் பின்பக்கம் ஒரு சந்து. அங்கே ஒரு கம்பம். அந்தப் பெட்டிக்குத் தரைக்கடியில் கேபிள் வருகிறது. தேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கிருந்து இழுத்தால் முறுக்கில்லாத ஒரே வயர், காற்றில்லாத சந்து, அறுக்கவும் வேண்டாம். ஆனால் லைனைப் பெட்டி மாற்ற உத்தரவு வேண்டும். புது வயருக்கும் உத்தரவு வேண்டும்.

லைன் இன்ஸ்பெக்டரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரிட்டையராக ஒரு வருஷம் இருந்தது. சொன்னதைக் கேட்டார். சீட்டுக் கட்டை எடுத்து, நான் கொண்டுபோனதையும் சேர்த்து மூன்றையும் விரித்தார்.

"ஓகே. ஓகே. ஓகே. யாரு கையெழுத்துலே இது?"

"என்னுதுதான்."

"ஓகேன்னு எழுதுன லைன எதுக்கு மாத்தணும்? மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

"தப்பா எழுதிட்டேன்."

"தப்பாவா?"

"காதுல கேட்டுட்டு எழுதுனது. முறுக்கெல்லாம் போயிருச்சு."

"எத்தனை முறுக்கு?"

"பதினாலு இருக்கும். வருஷத்துக்கு ஒண்ணு."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "மத்த வீட்டு வயரெல்லாம்?"

"அதுவும் அப்படித்தான்."

இப்படி அறுக்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். லைன்மேனாக இருந்தபோது அவரும் இப்படித்தான் அறுத்தார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இந்தா பாரு" என்றார் மெதுவாக. "ஒம்பேரு இன்ஸ்பெக்டர் பிரமோஷன் லிஸ்டுல மேல போயிருக்கு. தேர் முடியட்டும். பொறவு சத்தமில்லாம வயர மாத்திக்கிடலாம். ரெண்டு வாரத்துல என்ன கொறஞ்சிரப் போகுது?"

"அந்தம்மாவுக்கு வேல போயிரும்."

"அப்ப எழுதிக் குடு. மூணு சோதனையும் தப்பு, லைன் பழுதுன்னு. அத வச்சுத்தான் நான் வயர் கேக்க முடியும். யோசிச்சு எழுது."

எழுதினேன். நாலு வரி. எழுத்துப் பிழை இருந்திருக்கும். அவர் வாசித்துவிட்டுத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

வயர் ராஜபாளையம் ஸ்டோரில் இருந்தது. தேருக்கு முந்தின நாள்தான் அதை எடுக்க உத்தரவுச் சீட்டுக் கிடைத்தது. அதுவரை காலையில் காற்று அடங்கியிருந்ததால் பைல்கள் பிந்தாமல் போயின. சுருளைத் தோளில் போட்டு பஸ் ஏறப் போனேன். கண்டக்டர் விடவில்லை. "கூட்டத்தப் பாத்தியளா? இதுல ஆளே நிக்க எடமில்ல, வளையம் எங்க நிக்கும்?" என்றார். மகாராஜபுரம் வரை போகும் ஒரு வைக்கோல் லாரி நின்றது. பின்னால் ஏறிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது மணி மூன்று. கழுத்தெல்லாம் வைக்கோல்.

சந்துப் பெட்டியில் காலி ஜோடி நான்கு இருந்தன. முதலாவது செத்தது. இரண்டாவதும் செத்தது. மூன்றாவதில் பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்டது. மூன்றையும் தள்ளினேன். நாலாவதில் டோன் சுத்தமாக இருந்தது. ஆனால் சுத்தம் என்று என் காது சொன்னதை நான் இப்போது நம்பத் தயாராக இல்லை. வயரை நடுவில் ஒட்டே இல்லாமல் பெட்டியிலிருந்து மோடம் வரை இழுத்தேன். ஆபீசில் நம்பரை அந்த ஜோடிக்கு மாற்றச் சொன்னேன்.

"டயல் பண்ணுங்கம்மா."

மோடம் கத்தியது. கத்தி முடித்தது. 28800 என்று வந்தது. அந்தம்மா நம்பவில்லை. கடிகாரத்தை எடுத்து வைத்து அதே பழைய பைலை இறக்கினார். பதினாலு நிமிஷம். திரும்ப இறக்கினார். பதினாலு நிமிஷம். வெளியே ஜன்னல் கதவு படபடத்தது.

"கா" என்றார் வீட்டுக்காரர்.

"எழுதுறேன்" என்றார் அந்தம்மா. பைல் நிற்கவில்லை.

நான் கிளம்பும்போது வீட்டுக்காரர் கூப்பிட்டார். "நாளைக்கு நீங்க வீதியில கம்பத்துலதான இருப்பிய? உள்ள என்ன நடக்குன்னு ஒங்களுக்குத் தெரியாது. பைல் போயிருச்சுன்னா மாடிக் கைப்பிடியில எம் போர்வையப் போடச் சொல்லுதேன். பச்சப் போர்வ. அண்ணாந்து பாத்துக்கிடுங்க."

தேரன்று காலை ஆறு மணிக்கு மற்ற வீட்டு வயர்களை அறுத்தேன். பழைய முறைதான். வேறு வழிக்கு நேரமில்லை. அந்த வீட்டுப் பழைய வயரை மட்டும் கம்பத்திலிருந்து முழுசாகக் கழற்றிச் சுருட்டினேன்.

ஏழு மணிக்கு வீதி நிறைந்துவிட்டது. ஏழு இருபதுக்குப் பைல் வந்து முடிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நான் கம்பத்தடியில் ஏணியோடு நின்றேன். தேர் மூலையில் திரும்பி வருவதற்குள் ஒன்பதரை. கட்டை போட்டு நிறுத்தினார்கள். மறுபடி இழுத்தார்கள். கூட்டம் என்னை ஏணியோடு சேர்த்துச் சுவரில் அழுத்தியது. அந்த வீட்டு மாடி எனக்கு எதிரே இருந்தது. கைப்பிடி வெறுமையாக இருந்தது.

பதினோரு மணிக்குத் தேர் அந்த வீட்டு வாசலுக்கு நேரே நின்றது. மாடி மறைந்துவிட்டது. வடம் இறுகி ஆயிரம் பேர் கத்தியும் நகரவில்லை. சக்கரத்துக்குத் தடி போட்டார்கள். எல்லோரும் தேரைப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை. பதினொன்றே முக்கால். மேளச் சத்தத்தில் அந்தம்மா காதில் மாட்டியிருக்கும் டாக்டர் பேச்சு எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் தோன்றியது. இதை நான் யோசிக்கவில்லை. வயரை மட்டும் யோசித்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் தேர் அசைந்தது. மாடி தெரிந்தது. கைப்பிடியில் ஒன்றும் இல்லை.

தேர் வீதி முனைக்குப் போகும்வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஏணியைச் சாத்தி அறுத்த வயர்களின் நுனியைச் சீவி வைக்கத் தொடங்கினேன். கை வேலை செய்தது. எத்தனையாவது வீடு என்று தெரியாது, தலையைத் திருப்பினால் பச்சைப் போர்வை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு இருபது.

இருபது நிமிஷம் பிந்தியதா? பைல் நேரத்துக்குப் போயிற்று என்கிறதா போர்வை, பிந்திப் போயிற்று என்கிறதா? ஏணியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன்.

அந்தம்மா வியர்வையில் நனைந்து நின்றார். வீட்டுக்காரர் வெறும் கட்டிலில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தார்.

"எப்பம்மா போச்சு?"

நோட்டை நீட்டினார். கடைசி வரி. 11.52. பக்கத்தில் 28800.

"தேர் வாசல்ல நிக்கையில தலவாணிய ரெண்டு காதுக்கும் கட்டிக்கிட்டுக் கேட்டேண்ணே."

"போர்வ ஏன் இம்புட்டு நேரம்?"

"இவுக அதுமேலதான் படுத்திருந்தாக. புரட்டி எடுக்க எனக்கு ஒத்தையில ஏலல."

"நாந்தான் திட்டம் போட்டேன்" என்றார் வீட்டுக்காரர். "நான் படுத்திருக்கத மறந்துட்டேன்."

இருவரும் பிடித்து அவரை நேராகப் படுக்க வைத்தோம்.

நாலு நாள் கழித்துச் சைக்கிளில் போகும்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி! எடுத்துக்கிட்டாக! மாசம் பூராம் வேல உண்டு!" கை காட்டிவிட்டுப் போனேன்.

எனக்கு மெமோ வந்தது. பொய்ச் சோதனை எழுதியதாக. அந்த வருஷ லிஸ்டில் என் பேர் எடுக்கப்பட்டது. அந்த வீட்டில் இதைச் சொல்லவில்லை.

பழைய வயரை ஸ்டோரில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் முறுக்கு ஒவ்வொன்றையும் பிரித்தேன். பதினாலு இல்லை, பதின்மூன்று. ஒரு வருஷம் நான் காய்ச்சலில் லீவில் இருந்தேன். அந்த வருஷம் எனக்குப் பதிலாக வந்த ஆள் வயரை அறுக்காமல் பெட்டியில் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டியிருக்கிறான்.

அடுத்த ஆடிக்கு நானும் அப்படித்தான் செய்தேன். ஜோடி மாறாமலிருக்க ஒவ்வொரு நுனியிலும் தகரத்தில் எண் அடித்துக் கட்டினேன். திரும்ப மாட்டி முடிக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. வீதி முழுக்கத் திட்டினார்கள்.